பாராமகாலின் உப்பு: உடலின் சோடியத் தேவையும் ஓர் எல்லைநிலத்தின் வரலாறும்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் ஒட்டி அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தொலைவு. இங்கே கேழ்வரகு விளைந்தது, மா விளைந்தது, மாடு பெருகியது, கருங்கல் வெட்டப்பட்டது. கடலுப்பு மட்டும் எப்போதும் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. உணவில் சேரும் மற்ற பொருள்கள் பலவற்றை மாற்றிக்கொள்ளலாம். நெல் இல்லாத ஊரில் களி உண்ணலாம், எண்ணெய் இல்லாவிட்டால் தாளிக்காமலே விடலாம். உப்புக்கு அப்படி மாற்று இல்லை. அதனால்தான் உப்பு யார் கையில் இருந்தது, என்ன விலைக்கு வந்தது என்பது இந்த நிலப்பகுதியின் வரலாற்றில் சிறிய செய்தியாக இருக்கவில்லை.

உடலில் சோடியம் செய்யும் வேலை

சமையல் உப்பு என்பது சோடியம் குளோரைடு. அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சோடியம். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் 90 முதல் 100 கிராம் வரை சோடியம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி எலும்பில் தங்கியிருக்கும். மற்றதில் பெரும்பகுதி இரத்தத்திலும், உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள நீரிலும் கரைந்திருக்கும். உயிரணுக்களுக்கு வெளியே எவ்வளவு நீர் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்தச் சோடியமே. சோடியம் குறைந்தால் இரத்தத்தின் கன அளவும் குறையும், அழுத்தமும் தாழும். ஒரு லிட்டர் இரத்த நீர்மத்தில் 135 முதல் 145 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் உடல் இதைக் காத்து வருகிறது.

இரண்டாவது வேலை நரம்பிலும் தசையிலும் நடப்பது. உயிரணுவின் உள்ளே பொட்டாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருக்கின்றன. நரம்பு தூண்டப்படும்போது அதன் சவ்வில் உள்ள வழிகள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலே நரம்புச் செய்தி. சோடியம் இல்லாத கரைசலில் வைத்த தவளைத் தசை தூண்டலுக்கு இணங்காமல் போவதை எர்னஸ்ட் ஓவர்ட்டன் 1902இல் காட்டினார். அரை நூற்றாண்டு கழித்து, கணவாய் இனத்தைச் சேர்ந்த ஒரு கடலுயிரியின் தடித்த நரம்பிழையை வைத்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அந்தப் பாய்ச்சலை அளந்து 1952இல் விளக்கினர். உள்ளே வந்த சோடியத்தை மீண்டும் வெளியே தள்ளும் நொதியை டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957இல் கண்டறிந்தார். ஒரு சுழற்சிக்கு மூன்று சோடியம் அயனிகள் வெளியே, இரண்டு பொட்டாசியம் அயனிகள் உள்ளே என இயங்கும் இந்த ஏற்றம், ஓய்வாகப் படுத்திருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் நாளொன்றுக்கு எவ்வளவு உப்பு தேவை? வியர்க்காத உடலுக்கு மிகச் சிறிதளவே போதும். சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் கரைந்துள்ள சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் சுமார் 1.4 கிலோ வரும். அதில் 99 விழுக்காட்டுக்கு மேல் திரும்ப உறிஞ்சப்படுகிறது. உணவில் உப்பு குறைந்தால் அண்ணீரகச் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரைச் சுரந்து, சிறுநீரிலும் வியர்வையிலும் போகும் சோடியத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. உணவில் உப்பே சேர்க்காமல் வாழும் அமேசான் காட்டு யானோமாமி மக்களை 1988இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று பதிவு செய்தது. அவர்கள் நலமாகவே இருந்தனர். வயது கூடியபோதும் அவர்களின் இரத்த அழுத்தம் ஏறவில்லை.

ஆகவே உப்புத் தேவை எல்லோருக்கும் ஒன்றல்ல. உழைப்பவரின் வியர்வையில் அது கூடுகிறது. வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் திடீரென எகிறுகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் 20 முதல் 80 மில்லிமோல் வரை சோடியம் போகலாம். வெயிலில் ஒரு நாளில் ஐந்து லிட்டர் வியர்க்கும் ஒருவர், லிட்டருக்கு 50 மில்லிமோல் வீதம் கணக்கிட்டால், 14 கிராமுக்கு மேல் உப்பை இழக்கிறார். வெப்பத்துக்குப் பழகிய உடலில் இது குறையும் என்றாலும், நிழலில் அமர்ந்திருப்பவரின் கணக்கும் இவருடைய கணக்கும் ஒன்றாகாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் உப்பு வரியின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

களி உண்ணும் நாட்டின் உப்புப் பசி

வேட்டையாடி இறைச்சியும் இரத்தமும் உண்டவர்களுக்கு வேண்டிய சோடியம் அந்த உணவிலேயே கிடைத்துவிடும். தானியம் உண்பவர்களுக்கு அப்படியல்ல. 100 கிராம் கேழ்வரகில் பொட்டாசியம் 400 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. சோடியமோ சில மில்லிகிராம் மட்டுமே. தாவர உணவு மிகுந்தவர்களே உப்பைத் தேடுகிறார்கள் என்றும், பொட்டாசியம் மிகுந்த உணவு சோடியத்தை வெளியேற்றுவதே அதற்குக் காரணம் என்றும் குஸ்தாவ் பூங்கே 1870களில் எழுதினார். அவர் சொன்ன காரணம் முழுமையானது அல்ல என்று பின்வந்தவர்கள் வாதிட்டனர். ஆனால் களியும் கீரையும் காராமணியும் உண்ணும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிக்கு அவருடைய கவனிப்பு நன்றாகவே பொருந்துகிறது.

மாட்டுக்கும் இதே சிக்கல்தான். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் மிகுதியாகக் கிடைத்துள்ள நடுகற்களில் பல, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. மாடே செல்வமாக இருந்த நிலம் இது. புல் மட்டும் தின்னும் விலங்குக்குச் சோடியம் எப்போதும் பற்றாக்குறை. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி படைக்குதிரைகளுக்காக நிறுவிய பண்ணையே பின்னாளில் கால்நடைப் பண்ணையாயிற்று. வியர்வையில் மனிதரைவிட அதிகமாக உப்பை இழக்கும் விலங்கு குதிரை.

காட்டு விலங்கும் இதற்கு விலக்கல்ல. தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளை ஒட்டிய கேழ்வரகு வயல்களில் யானைகள் புகுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. இதற்குத் தெற்கே பிலிகிரிரங்கன், சத்தியமங்கலம் காடுகளில் யானைகளை ஆய்ந்த ராமன் சுகுமார், காட்டுப் புல்லைவிடப் பயிர்களில் புரதமும் கால்சியமும் சோடியமும் அதிகம் என்று கண்டார். வயலுக்கு வரும் யானையை வெறும் பசி மட்டும் இழுத்து வருவதில்லை.

எருதின் முதுகில் வந்த கடல்

கடலுப்பு உள்நாட்டுக்கு வந்த கதை பழையது. உப்பு வண்டிகளை ஓட்டிவந்து நெல்லுக்கு மாற்றிச் சென்ற உமணர்களைச் சங்க இலக்கியம் பல இடங்களில் காட்டுகிறது. வண்டித்தடம் இல்லாத மலைவழிகளில் பொதி எருதுகளே வாகனம். கிழக்குக் கடற்கரையிலிருந்து தானியமும் உப்பும் மாற்றி வணிகம் செய்த குழுக்களில் இருவர் இப்பகுதியின் வரலாற்றில் முக்கியமானவர்கள். ஒருவர் லம்பாடிகள், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இன்றும் அவர்களின் குடியிருப்புகள் உள்ளன. திப்பு சுல்தானுக்கு எதிரான போர்களில் கம்பெனிப் படைக்குத் தானியம் சுமந்ததும் இவர்களின் எருதுக் கூட்டங்களே. மற்றவர் குறவர், அவர்களில் ஒரு பிரிவுக்கு ‘உப்புக் குறவர்’ என்றே பெயர்.

இறக்குமதி மட்டுமே வழியாக இருக்கவில்லை. உவர்நிலத்து மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, அந்தக் கரைசலை வெயிலில் உலர்த்தியோ காய்ச்சியோ மண்ணுப்பு எடுக்கும் தொழில் தக்காணம் முழுவதும் இருந்தது. தமிழில் உப்பிலியர், தெலுங்கிலும் கன்னடத்திலும் உப்பரர் எனப்படும் சாதியாரின் பெயரே இந்தத் தொழிலால் வந்தது. 1800–1801இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இத்தொழிலைப் பற்றிக் குறிப்புகள் எழுதியுள்ளார். மண்ணுப்பு கடலுப்பைப்போலத் தூய்மையானதல்ல, சற்றுக் கசக்கும். ஆனால் கையருகே கிடைத்தது. ஏழைக்கு அதுவே உப்பு.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர் மேட்டுநிலமும் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி விதித்த கதை, ரயத்துவாரி முறையின் தொடக்கமாகப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. உப்பின் கதை அந்த அளவுக்குச் சொல்லப்படுவதில்லை. சென்னை மாகாணத்தில் உப்பு 1805ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் தனியுரிமையானது. கடற்கரை உப்பை அரசே வாங்கி, தன் விலையில் விற்றது. மண்ணுப்பு அந்த வருவாய்க்கு எதிரியாகத் தெரிந்தது. மைசூர் எல்லையை ஒட்டிய ஒரு பகுதியில், எல்லையின் இருபுறமும் ஒரே மாதிரி உவர்மண் கிடக்க, ஒருபுறம் அதைச் சுரண்டுவது தொழிலாகவும் மறுபுறம் குற்றமாகவும் ஆயிற்று. உரிமமின்றி உப்பு எடுப்பதை 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் மேலும் கடுமையாகத் தண்டித்தது. உப்பு காய்ச்சுவது அரசின் தனியுரிமையானதால் உப்பரர்கள் குளம் வெட்டுதல், மண்வேலை ஆகியவற்றுக்கு மாறினார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். தங்கள் பெயரில் மட்டும் உப்பை வைத்திருப்பவர்கள் ஆனார்கள்.

குறவருக்கு நேர்ந்தது இதைவிடக் கொடிது. சென்னையிலிருந்து உள்நாட்டுக்கு நீண்ட இரயில்பாதை 1860களில் ஜோலார்பேட்டை வழியாக பெங்களூரை எட்டியது. மூட்டை மூட்டையாக உப்பு இரயிலில் போகத் தொடங்கியபின் பொதி எருதுக்கு என்ன வேலை? வணிகம் இழந்து அலைந்த மக்களைக் காவல்துறை சந்தேகத்தோடு பார்த்தது. 1871இல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, குறவர்களில் பல பிரிவினர் அதன்கீழ் பதிவு செய்யப்பட்டனர். இரயிலும் உப்புக் கொள்கையும் இவர்களை எப்படி இந்த நிலைக்குத் தள்ளின என்பதை வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியுள்ளார். சட்டம் 1952இல் நீக்கப்பட்டது. பெயரில் ஒட்டிய பழி அவ்வளவு விரைவில் நீங்கவில்லை.

பஞ்சத்தில் கூடிய வரி

1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தையும் (அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதன் பகுதிகள்) மைசூரையும் சேர்த்தே அழித்தது. பட்டினியோடு காலராவும் வந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். அது உயிர்வாழப் போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் எதிர்த்தார். அந்தப் பஞ்சத்தின் நடுவிலேயே, மாகாணங்களுக்கிடையே வரியைச் சமன்படுத்துவது என்ற பெயரில், சென்னையின் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது.

இதன் சுமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. வெயிலில் உழைக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 25 கிலோ உப்பு என்று கொண்டால், வரி மட்டும் ஏறக்குறைய 1 ரூபாய் 11 அணா. நாள்கூலி 2 அணா என்று வைத்தால் பதின்மூன்று நாள் உழைப்பு வரிக்கே போய்விடும். செல்வந்தர் வீட்டிலும் உப்புக்கு இதே வரிதான். ஆனால் அவர் வியர்ப்பதில்லை. வரி விதித்தவர்கள் உப்பைச் சுவைப்பொருளாகப் பார்த்தார்கள். எல்லோரும் சிறிதளவு வாங்குகிறார்கள், ஆகவே எல்லோரும் சிறிதளவு தருகிறார்கள் என்பது அவர்கள் வாதம். உடலியங்கியல் அறிவு அப்போது இந்த அளவுக்கு வளரவில்லை என்று அவர்களுக்காகச் சொல்லலாம். ஆனால் காலரா நோயாளிக்கு நரம்பின் வழியே உப்புநீர் செலுத்திக் காப்பாற்ற முடியும் என்பதை தாமஸ் லாட்டா 1832லேயே காட்டியிருந்தார். காலராவில் சாகிறவர் உப்பையும் நீரையும் இழந்தே சாகிறார் என்பது பஞ்சத்துக்கு 44 ஆண்டுகள் முன்பே அச்சில் இருந்தது.

தொரப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு

பஞ்சம் தணிந்த ஆண்டான 1878இல், டிசம்பர் 10 அன்று, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் அவ்வூர் முன்சீப்பின் மகனாகச் சி. இராஜகோபாலாச்சாரி பிறந்தார். ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சேலத்தில் வழக்கறிஞரானார். காந்தியின் தண்டி யாத்திரையை அடுத்து, 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியில் டி. எஸ். எஸ். ராஜனின் வீட்டிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் நடக்கத் தொடங்கி, சுமார் 240 கிலோமீட்டர் கடந்து வேதாரண்யம் சேர்ந்தார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சாவூர் ஆட்சியர் ஜே. ஏ. தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழிநெடுக மரக்கிளைகளில் கட்டிவைத்தார்கள். ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய இராஜாஜி கைதாகி ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். கடலைக் காணாத மேட்டுநிலத்துக்காரர் ஒருவர் கடற்கரைக்கு நடந்துபோய் உப்பு அள்ளியது தற்செயல்தான். அதில் உள்ளர்த்தம் தேட வேண்டியதில்லை. ஆனால் உப்பின் விலையைக் கூடுதலாக உணர்ந்தவை உள்நாட்டு ஊர்களே என்பதை இதனோடு சேர்த்து நினைக்கலாம்.

1931 மார்ச்சில் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம், உப்பு கிடைக்கும் ஊர்களின் மக்கள் சொந்த உபயோகத்துக்கு அதை எடுக்க இடம் தந்தது. வரி 1947இல் நீக்கப்பட்டது.

சுரங்கம், உலைக்கூடம், கல்குவாரி

கிருஷ்ணகிரிக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால், கோலார் தங்கவயல் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தின்கீழ் பெருஞ்சுரங்கமாக வளரத் தொடங்கியது. அங்கு இறங்கிய தொழிலாளர்களில் பெரும்பங்கினர் வட ஆற்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனபோது பாறையே அடுப்பாயிற்று. இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் கடும் தசைப்பிடிப்பை ஆய்ந்த கென்னத் மாஸ், அது வியர்த்தபின் வெறும் நீரை மட்டும் நிறையக் குடிப்பதால் வருவது என்றும், குடிநீரில் சிறிது உப்புச் சேர்த்தால் நீங்குகிறது என்றும் 1923இல் எழுதினார். கோலாரில் நிலத்தடியில் மயங்கி விழுந்த தொழிலாளர்களைப் பற்றி ஏ. கேப்லன் 1944இல் தனியே ஓர் ஆய்வு வெளியிட்டார். வெப்பத் தாக்கம் குறித்த பிற்கால நூல்கள் அதை இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

இவை சொல்லும் உண்மை எளிது. இழந்தது உப்பும் நீரும். ஈடு செய்தது நீர் மட்டும் என்றால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போகிறது. தசை இழுக்கும், தலை வலிக்கும், குமட்டும். மேலும் தாழ்ந்தால் மூளையில் நீர் ஏறி, குழப்பமும் வலிப்பும் வரும். சோடியமும் குளுக்கோசும் குடற்சுவரில் கைகோத்தே உறிஞ்சப்படுகின்றன என்பதை ராபர்ட் கிரேன் 1960இல் விளக்கினார். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கவைத்தே காலரா மரணங்களைப் பெருமளவு குறைத்தார். ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற வீட்டுமுறை அதன் எளிய வடிவம். உப்பிட்ட கஞ்சியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. மாவுப்பொருள் குடலில் குளுக்கோசாகிச் சோடியத்தை உடன் அழைத்துச் செல்கிறது.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் உருவானது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும் அங்கே உற்பத்தி தொடங்கின. அவற்றைச் சுற்றி வார்ப்பாலைகள், அடித்துருவாக்கும் கூடங்கள், உதிரிபாகப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கருங்கல் குவாரிகள் வளர்ந்தன. இன்று ஒரே தொழிற்பேட்டையில் இருவகை உடல்கள் உழைக்கின்றன. உலைக்கூடத்திலும் குவாரியிலும் நிற்பவர் லிட்டர் கணக்கில் வியர்க்கிறார். கணினி கட்டுப்படுத்தும் இயந்திரத்தின் முன் குளிரூட்டிய அறையில் நிற்பவர் வியர்ப்பதே இல்லை. தட்டில் விழும் சாம்பாரும் ஊறுகாயும் அப்பளமும் இருவருக்கும் ஒன்றே. முதல்வருக்கு மோரும் உப்பிட்ட எலுமிச்சை நீரும் மருந்து. இரண்டாமவருக்கு அந்த ஊறுகாய் மிகை. உலக நலவாழ்வு அமைப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. இந்தியரின் சராசரி உட்கொள்ளல் அதைத் தெளிவாகத் தாண்டியுள்ளது. மிகுந்த சோடியம் நீரைப் பிடித்துவைக்கிறது, ஆண்டுகள் செல்லச் செல்ல இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது.

பற்றாக்குறையைக் காலங்காலமாக அறிந்திருந்த உடலுக்கு மிகுதியைக் கையாள அந்த அளவுக்குப் பழக்கமில்லை. சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்க ஆல்டோஸ்டிரோனும் அதைத் தூண்டும் ரெனினும் வலுவாக இயங்குகின்றன. வெளியேற்றும் ஏற்பாடு அவ்வளவு விரைவானதல்ல. இரத்த அழுத்தத்துக்கான மருந்துகளில் ஒரு வகை, சிறுநீரகம் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுத்து, அதைச் சிறுநீரில் போகவிடுவது. 1950களின் இறுதியில் வந்த தையசைடு மாத்திரைகள் அவ்வகையின. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்துகளை வீட்டுக்கே கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. தொடக்க விழா நடந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி.